முதல் பெரிய ஒப்பந்தம்: கால்பந்து வீரரின் முகத்தை யார் பார்த்துக்கொள்வது?

பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஓர் இங்கிலாந்து கிளப்போடு முதல் பெரிய ஒப்பந்தம் போடப்போகும் பையனிடம் ஊரே கேட்பது, வாரச் சம்பளம் எவ்வளவு என்றுதான். பேச்சுவார்த்தையும் அதைச் சுற்றியே நடக்கும். எல்லாம் முடிந்து நாற்காலிகள் பின்னால் நகரும் நேரத்தில், "இமேஜ் ரைட்ஸையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று இன்னொரு தாள் மேசையில் வந்து விழும். பையனின் பெயர், படம், கையெழுத்து, சமூக வலைத்தளக் கணக்கு, பூட்ஸ் ஒப்பந்தம் எல்லாம் அந்தத் தாளுக்குள் அடக்கம். இலங்கைத் தமிழ்ப் பின்னணியில் வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன் 2024-இல் பார்ன்ஸ்லி அணிக்காக இறங்கிவிட்டார். இனி இந்தத் தாள் தமிழ்க் குடும்பங்களின் மேசைக்கும் வரும்.

அதற்குச் சொல்லக்கூடிய பதில்கள் நான்கு. கிளப்பிடமே விட்டுவிடலாம். குடும்பமே பார்த்துக்கொள்ளலாம். ஏஜென்சியிடம் கொடுக்கலாம். சொந்தக் கம்பெனி தொடங்கி, வழக்கறிஞரை வைத்துத் தானே நடத்தலாம். நான்கிலும் பேர் வாங்கியவர்களும் உண்டு, நீதிமன்றப் படி ஏறியவர்களும் உண்டு.

ஏற்கெனவே விற்றுப்போனது எது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. பிரீமியர் லீக்கின் பொது ஒப்பந்தப் படிவத்தில் நான்காவது பிரிவு முழுக்க இதைப் பற்றித்தான். கிளப் கூப்பிட்டால் விளம்பரம், சமூகப் பணி, ரசிகர் சந்திப்பு ஆகியவற்றுக்காக வாரத்துக்கு 6 மணி நேரம் வரை வீரர் வரவேண்டும். அதில் ஏறக்குறைய பாதி சமூகப் பணிக்கும் மக்கள் தொடர்புக்கும் போகவேண்டும். கிளப் சீருடையில் எடுத்த படத்தைக் கிளப் பயன்படுத்தலாம். ஆனால் அப்படி எடுத்த படத்தை வைத்து, இந்த வீரர் இந்தப் பொருளைப் பரிந்துரைக்கிறார் என்று தோன்றும்படி யாரும் விளம்பரம் செய்யக்கூடாது. மற்ற முதல் அணி வீரர்களைவிட ஒருவரின் முகத்தை மட்டும் அதிகமாகக் கிளப் சுரண்டவும் கூடாது. காலில் போடும் பூட்ஸும் கோல்கீப்பரின் கையுறையும் வீரருடைய விருப்பம். பத்தொன்பது வயதில் உண்மையிலேயே கையில் மிஞ்சி நிற்கும் சரக்கு அந்த பூட்ஸ்தான்.

இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்துச் சட்டத்தில் 'உருவ உரிமை' (இமேஜ் ரைட்ஸ்) என்று தனியாக ஓர் உரிமை கிடையாது. ஒப்பந்தம், வணிகச் சின்னம், பெயரைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துவதற்கு எதிரான வழக்கு ஆகிய மூன்றையும் ஒட்டுப்போட்டுத்தான் அதைக் காக்கவேண்டும். கார் பந்தய வீரர் எடி இர்வின் கையில் செல்போன் வைத்திருந்த படத்தை எடுத்து, போனை அழித்துவிட்டு வானொலிப் பெட்டியை ஒட்டி ஒரு வானொலி நிலையம் விளம்பரம் செய்தது. வழக்கில் அவர் வென்றார். மேல்முறையீட்டுக்குப் பிறகு கிடைத்த இழப்பீடு 25,000 பவுண்டு. சட்டம் காப்பாற்றும், ஆனால் தாமதமாகவும் கணக்குப் பார்த்தும்தான் காப்பாற்றும். அதனால் எழுதி வாங்குவதுதான் முதல் பாதுகாப்பு.

கிளப்பிடமே விடுவது

செலவில்லாத வழி இதுதான். கிளப்பின் ஊடகத் துறை பேட்டிக்குப் பயிற்சி தரும், ஆட்டம் முடிந்ததும் எந்தக் கேமரா முன்னால் நிற்கலாம் என்று சொல்லும், ஏடாகூடமான கேள்வியைத் தடுக்கும். முதல் அணியில் பத்துப் பதினைந்து ஆட்டம்கூட ஆடாதவருக்கு இது தாராளமாகப் போதும். விற்க ஒன்றும் இல்லாதபோது விற்பனையாளர் எதற்கு?

குறை என்னவென்றால், ஊடகத் துறை காப்பது கிளப்பின் பெயரை. மான்செஸ்டர் சிட்டியில் டோசின் அடராபியோயோ, ஃபில் ஃபோடன் என்று இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். இருவரும் 2018-இல் தங்கள் அம்மாவுக்கு வீடு வாங்கினார்கள். ஒரே செய்தித்தாள் இருவரையும் பற்றி எழுதியது. கறுப்பரான அடராபியோயோவைப் பற்றிய தலைப்பில் வாரச் சம்பளம் 25,000 பவுண்டு, வீட்டின் விலை 22.5 லட்சம் பவுண்டு, பிரீமியர் லீக்கில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கியதில்லை என்பதெல்லாம் இருந்தன. வெள்ளையரான ஃபோடனைப் பற்றிய தலைப்பில் அம்மாவுக்குப் புது வீடு வாங்கித்தந்த இளம் நட்சத்திரம் இருந்தார். டிசம்பரில் ரஹீம் ஸ்டெர்லிங் இரண்டு தலைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்ஸ்டாகிராமில் போட்ட பிறகுதான் நாடு அதைப் பற்றிப் பேசியது. அதைச் செய்தது ஊடகத் துறை அல்ல, அணியின் மூத்த வீரர். வாயைத் திறக்காமல் இருப்பதன் விலை எல்லாருக்கும் ஒன்றல்ல. இதை அறியாமல் "பேசாமல் ஆட்டத்தைக் கவனி" என்று அறிவுரை சொல்வது பாதி அறிவுரைதான்.

மௌனத்துக்கு இன்னொரு உதாரணமும் அதே ஆண்டில் கிடைக்கிறது. 2018 மே மாதம் லண்டனில் துருக்கி அதிபர் எர்டோவானோடு, துருக்கி வம்சாவளி ஜெர்மனி வீரர்களான மெசுட் ஓசிலும் இல்கே குண்டோகனும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மனி கொதித்தது. குண்டோகன் உடனே விளக்கம் சொன்னார், பிறகு நிருபர்களையும் சந்தித்தார். அதற்குப் பிறகும் மைதானத்தில் அவரைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள் என்பது வேறு. ஓசில் இரண்டு மாதம் எதுவும் சொல்லவில்லை. உலகக் கோப்பையில் ஜெர்மனி முதல் சுற்றோடு வெளியேறிய பிறகு, ஜூலை 22 அன்று நீண்ட அறிக்கை வெளியிட்டு, 92 ஆட்டங்களோடு தேசிய அணியை விட்டு விலகினார். இனவெறி பற்றி அவர் அதில் சொன்னவை கனமானவை. ஆனால் அதற்குள் அவரைப் பற்றிய கதையை மற்றவர்கள் எழுதி முடித்திருந்தார்கள். குண்டோகன் 2024 யூரோ போட்டியில் ஜெர்மனியின் கேப்டன்.

குடும்பம் பார்த்துக்கொள்வது

நம் வீடுகளில் இயல்பாகத் தோன்றும் வழி இது. அப்பாவைவிட யார் அக்கறையாகப் பார்ப்பார்? அக்கறையில் சந்தேகமில்லை. கணக்கு வழக்கில்தான் சிக்கல்.

மெஸ்ஸியின் வழக்கைப் பாருங்கள். 2007 முதல் 2009 வரை உருவ உரிமையில் வந்த வருமானத்தை பெலீஸ், உருகுவே நாட்டுக் கம்பெனிகள் வழியாகத் திருப்பிவிட்டு 41 லட்சம் யூரோ வரி ஏய்த்ததாக பார்சிலோனா நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. மெஸ்ஸிக்கு 21 மாதச் சிறைத்தண்டனை, கூடவே அபராதம். அவருடைய அப்பாவுக்கும் தண்டனை. தான் பந்து விளையாடியதோடு சரி, பணத்தை அப்பாவும் வழக்கறிஞர்களும் பார்த்துக்கொண்டார்கள் என்று மெஸ்ஸி சொன்னது எடுபடவில்லை. 2017-இல் சிறைத்தண்டனை 2,52,000 யூரோ அபராதமாக மாற்றப்பட்டது. தாளை நிரப்புபவர் யாராக இருந்தாலும் கையெழுத்து வீரருடையது. "அப்பா சொன்னார், போட்டேன்" என்பது வீட்டில் செல்லும், வரித் துறையில் செல்லாது.

அதே குடும்ப வழியில் நன்றாக நடந்ததும் உண்டு. கிலியன் எம்பாப்பேவின் விவகாரங்களை அம்மா ஃபைஸா லமாரி முன்நின்று நடத்துகிறார். ஆனால் பக்கத்திலேயே டெல்ஃபின் வெர்ஹெய்டன் என்ற வழக்கறிஞரும் இருந்தார். 2022 மார்ச்சில் பிரான்ஸ் தேசிய அணியின் விளம்பரப் படப்பிடிப்புக்கு எம்பாப்பே வரமறுத்தார். துரித உணவு, சூதாட்ட நிறுவனங்களோடு தன் முகம் சேர்வதை அவர் விரும்பவில்லை. செப்டம்பரில் மறுபடியும் மறுத்தார். ஒப்பந்தத்தைத் திருத்தப் பிரெஞ்சுக் கூட்டமைப்பு ஒத்துக்கொண்டது. வீட்டுப் பக்கம் 'வேண்டாம்' என்று சொன்னது, அதைச் சட்ட மொழியில் எழுதிக்கொடுக்க ஆள் இருந்தது. இந்த இரட்டை ஏற்பாடு முக்கியம்.

இங்கிலாந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டுக்கும் வீட்டாரே துணை. 2020 ஜூன் 15 அன்று, கோடை விடுமுறையில் ஏழைக் குழந்தைகளின் இலவச உணவை நிறுத்தக்கூடாது என்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் திறந்த மடல் எழுதினார். மறுநாளே அரசு பணிந்தது. சுமார் 13 லட்சம் குழந்தைகளுக்காக 12 கோடி பவுண்டு ஒதுக்கியது. தானே பசித்திருந்த அனுபவம் அந்த மடலில் இருந்ததால்தான் அது வேலைசெய்தது. எந்த விளம்பர நிறுவனமும் அதை உட்கார்ந்து தயாரித்திருக்க முடியாது. ஆனால் இப்படி எழும் பெயருக்கும் ஒரு கந்துவட்டி உண்டு. 2022-23 பருவத்தில் 30 கோல் அடித்தவர் அடுத்த பருவத்தில் 8 கோலில் நின்றபோது, ஆட்டத்தைக் கவனிக்காமல் மற்றதைக் கவனிக்கிறார் என்ற பழைய பல்லவியை எடுத்தார்கள். நல்லது செய்யப்போகும் வீரர் அதையும் கணக்கில் வைத்துக்கொண்டே இறங்கவேண்டும்.

குடும்ப வழியில் அடிக்கடி முறிகிற இடம் ஒன்றே ஒன்று: எழுத்தில் எதுவும் இருக்காது. அண்ணன் மேலாளர் என்றால் அவருக்கு மாதச் சம்பளமா, கமிஷனா? எந்தச் செலவு யார் கணக்கில்? பிடிக்காவிட்டால் எப்படி விலக்குவது? ஏஜென்சியை விலக்கக் கடிதம் போதும். அண்ணனை விலக்கினால் தீபாவளிக்கு வீட்டுக்குப் போகமுடியாது. அதனால் குடும்பத்துக்கு மறுக்கும் அதிகாரத்தைக் கொடுங்கள், நிர்வாகத்தைக் கொடுக்காதீர்கள் என்பது எங்கள் கருத்து. எந்த விளம்பரமும் அம்மாவின் சம்மதம் இல்லாமல் போகாது என்று ஒரு வரி போதும்.

ஏஜென்சியிடம் கொடுப்பது

பூட்ஸ் கம்பெனியில் யாரிடம் பேசவேண்டும், எந்த மாதத்தில் அவர்கள் பட்ஜெட் போடுவார்கள், எந்த வீரருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் ஏஜென்சிக்குத் தெரியும். குடும்பத்துக்குத் தெரியாது. அதற்குத்தான் கமிஷன். விளம்பர வருமானத்தில் 20 சதவீதம் கேட்பது வழக்கம்.

வேய்ன் ரூனி வழக்கை, கையெழுத்துப் போடப்போகும் ஒவ்வொரு வீட்டாரும் படிக்கவேண்டும். 2003 ஜனவரியில் ரூனிக்கு வயது 17. உருவ உரிமைக்காக அமைத்த அவருடைய கம்பெனிக்கும் ப்ரோஆக்டிவ் என்ற ஏஜென்சி நிறுவனத்துக்கும் 8 வருட ஒப்பந்தம், 20 சதவீதக் கமிஷன். பெற்றோர் கூடவே இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கென்று தனி வழக்கறிஞர் இல்லை. இடமாற்றம், சம்பளம் பேசும் ஏஜென்ட் ஒப்பந்தம் 2 வருடத்துக்கு மேல் போகக்கூடாது என்று கால்பந்துச் சங்கத்தின் விதி இருந்தது. உருவ உரிமை ஒப்பந்தம் அந்த விதிக்குள் வராததால் 8 வருடம் சாத்தியமாயிற்று. பிற்பாடு ரூனி விலகினார். நிறுவனம் 43 லட்சம் பவுண்டு கேட்டு வழக்குப் போட்டது. 2010-இல் மான்செஸ்டர் நீதிமன்றமும் 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், தொழில் சுதந்திரத்தை நியாயமின்றிக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இது, செல்லாது என்றன. ஏற்கெனவே செய்த வேலைக்கு நியாயமான கூலி கேட்க மட்டும் வழி விட்டார்கள்.

ரூனி வென்றாரே, பிறகென்ன என்று கேட்கலாம். வெல்ல அவருக்குப் பணமும் பெயரும் இருந்தன. மூன்றாம் பிரிவில் ஆடும் பையன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போகமாட்டான். எட்டு வருடமும் கட்டிக்கொண்டே இருப்பான்.

ஆகவே ஏஜென்சி என்றால் தாளில் நான்கு இடங்களைப் பாருங்கள். காலம் 2 வருடம், தானாகப் புதுப்பிக்கும் வரி இருக்கக்கூடாது. கமிஷன் அவர்கள் கொண்டுவந்த ஒப்பந்தத்துக்கு மட்டும். மாமா கடைத் திறப்பு விழாவுக்குக் கொடுத்த பணத்துக்கு அல்ல. பிரிந்த பிறகும் கமிஷன் ஓடுமா, எத்தனை மாதம் என்று எழுதியிருக்கவேண்டும். கடைசியாக, இந்தத் தாளும் இடமாற்றம் பேசும் தாளும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருக்கக்கூடாது. ஒன்றை அவிழ்த்தால் மற்றது இறுகும் ஏற்பாடுதான் பெரும்பாலும் தகராறில் முடிகிறது. இடமாற்ற ஏஜென்ட்டுக்கு வீரர் கிளப் மாறும்போதுதான் பெரிய வருமானம். ஒரே ஊரில் பத்து வருடம் நின்று பேர் வாங்குவதில் அவருக்கு லாபம் குறைவு. ஆள் நல்லவரா கெட்டவரா என்பதல்ல விஷயம், பணம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதுதான்.

பூட்ஸ் ஒப்பந்தத்தில் மட்டும் ஒரு சுருக்குக் கயிறு தனியாக இருக்கும். காலம் முடிந்து வேறு கம்பெனி அதிகம் தருகிறேன் என்றால், பழைய கம்பெனி அதே தொகையைக் கொடுத்து வீரரைத் தக்கவைக்கலாம் என்ற உரிமை அது. அதற்கு எத்தனை நாள் அவகாசம், பணத்தை மட்டும் ஈடுகட்டினால் போதுமா, மற்ற நிபந்தனைகளையும் ஈடுகட்டவேண்டுமா என்று எழுதாவிட்டால், போட்டிக் கம்பெனி பேசவே வராது.

சொந்தக் கம்பெனி

இதில்தான் வதந்தி அதிகம். கம்பெனி தொடங்கினால் வரி பாதியாகும் என்று யாராவது சொல்வார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிளப் 100 பவுண்டைச் சம்பளமாகத் தந்தால், உச்ச வரம்பில் 45 சதவீத வருமான வரி, 2 சதவீதத் தேசியக் காப்பீடு (ஊதியத்தின் மேல் பிடிக்கும் சமூகப் பாதுகாப்புக் கட்டணம்) போக 53 கையில் நிற்கும். அதே 100 கம்பெனிக்கு உருவ உரிமையாக வந்தால் 25 சதவீதக் கம்பெனி வரி போக 75. அதை உடனே லாபப் பங்காக எடுத்தால் 39.35 சதவீதம் போகும். மிச்சம் 45.50. சம்பளத்தைவிடக் குறைவு! சிறிய லாபத்துக்கு உரிய 19 சதவீதக் கம்பெனி வரி என்றாலும் 49 சொச்சம்தான். பணத்தைக் கம்பெனியிலேயே விட்டுவைத்து, ஆட்டம் ஓய்ந்து வருமானம் குறைந்த வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால்தான் லாபம். உடனடி லாபம் கிளப்புக்கு, ஏனென்றால் முதலாளி கட்டவேண்டிய 15 சதவீதத் தேசியக் காப்பீடு அவர்களுக்கு மிச்சம். கிளப்பே முன்வந்து "கம்பெனி தொடங்குங்களேன்" என்றால் இதை நினைவில் வையுங்கள்.

அதோடு, இந்த வழியே அடைபடுகிறது. வேலையோடு தொடர்புடைய உருவ உரிமைத் தொகை அனைத்தும் 2027 ஏப்ரல் 6 முதல் சம்பளமாகவே கருதப்பட்டு வரி விதிக்கப்படும் என்று 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் பிரிட்டிஷ் அரசு அறிவித்துவிட்டது. இப்போது மூன்று, நான்கு வருட ஒப்பந்தம் போடுபவர் இந்தத் தேதியைத் தாண்டித்தான் ஆடப்போகிறார். கிளப்பிலிருந்து வரும் பணத்துக்காகக் கம்பெனி தொடங்குவதில் இனிப் பொருளில்லை. பூட்ஸ், விளம்பரம் என்று வெளியிலிருந்து வரும் பணம் பெருகினால் தொடங்கலாம். முதல் அணியில் ஆடாதவரின் முகத்துக்குச் சந்தை மதிப்பு இருக்கிறது என்று வரித் துறையை நம்பவைப்பதும் கடினம்.

ஸ்பெயினுக்குப் போகிறவருக்குக் கணக்கு வேறு. அங்கே மொத்தத்தில் குறைந்தது 85 சதவீதம் சம்பளமாக இருந்தால், 15 சதவீதம் வரை கம்பெனிக்குப் போகலாம். அந்தக் கோட்டைத் தாண்டிக் கடல்கடந்த கம்பெனிகளுக்குப் போனவர்கள் பட்ட பாடு தெரிந்ததுதான். கிறிஸ்டியானோ ரொனால்டோ 2019 ஜனவரியில் 1.88 கோடி யூரோ கட்ட ஒத்துக்கொண்டு, 23 மாத நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையும் பெற்றார்.

மறுபக்கத்தில் என்கோலோ கான்டே. செல்சியில் அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதியை ஜெர்சி தீவுக் கம்பெனி வழியாக உருவ உரிமையாகத் தரும் யோசனை வந்தபோது, சாதாரணச் சம்பளமே போதும் என்று மறுத்ததாக 2018-இல் கசிந்த ஆவணங்களை வைத்துப் பத்திரிகைகள் எழுதின. எளிமையானவர் என்ற பெயர் அவருக்கு அதற்கு முன்பே உண்டு. எந்த விளம்பரமும் செய்யாமல் அது இன்னும் உறுதியானது.

தானே நடத்துவதற்கு கெவின் டி பிராய்னாவைச் சொல்வார்கள். 2021-இல் ஏஜென்ட் இல்லாமல், அப்பாவும் வழக்கறிஞரும் துணையாக, தன் ஆட்டத்தைப் பற்றிய தரவு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மான்செஸ்டர் சிட்டியோடு 2025 வரை ஒப்பந்தம் பேசினார். அழகான கதை. ஆனால் அப்போது அவருக்கு 29 வயது, லீக்கிலேயே சிறந்தவர்களில் ஒருவர். பத்தொன்பது வயதில் அதே அறிக்கையை நீட்டினால் கிளப் புன்னகைத்துவிட்டுத் திருப்பித்தரும்.

எப்போது எது?

முதல் அணியில் இடம் நிலைக்கும்வரை கிளப்பின் ஊடகத் துறை போதும். கூடவே மணிக்கணக்கில் கூலி வாங்கும், ஏஜென்ட்டுக்கு வேண்டியவராக இல்லாத விளையாட்டு வழக்கறிஞர் ஒருவர் வேண்டும். இருபது முப்பது ஆட்டம் ஆடி, பூட்ஸ் கம்பெனி இலவசக் காலணி தருவதிலிருந்து பணம் தருவதற்கு மாறும்போது, இடமாற்றம் பேசாத வேறு ஏஜென்சியோடு இரண்டு வருடத் தாள். தேசிய அணிக்குள் நுழைந்து வெளி வருமானம் நிலைத்தபின் கம்பெனி. குடும்பம் எல்லாக் கட்டத்திலும் இருக்கட்டும், மறுக்கும் அதிகாரத்தோடு.

பெயரை வணிகச் சின்னமாகப் பதிவது மட்டும் காத்திருக்கக்கூடாது. மெஸ்ஸி 2011-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விண்ணப்பித்தார். 'மாஸ்ஸி' என்ற பெயரில் சைக்கிள் பொருட்கள் விற்கும் ஸ்பானியக் கம்பெனி ஆட்சேபித்தது. தீர்ப்பு வந்தது 2020 செப்டம்பரில். உடை, விளையாட்டுப் பொருள் வகைகளில் அதே மாதிரி பெயர் இருக்கிறதா என்று தேடிப்பார்க்க ஒரு மதியம் போதும்.

கணக்குகள் விஷயமும் அப்படியே. இன்ஸ்டாகிராம் எந்த மின்னஞ்சலில், எந்தத் தொலைபேசி எண்ணில் பதிவாகியிருக்கிறது? ஏஜென்சி ஊழியரின் எண்ணில் இருந்தால், பிரியும் நாளில் ரசிகர்களும் அங்கேயே தங்கிவிடுவார்கள். பதிவு போடும் உரிமையைக் கொடுங்கள், கடவுச்சொல்லை மீட்கும் எண்ணைக் கொடுக்காதீர்கள். நண்பருக்கு விளையாட்டாகப் போட்டது என்ற சமாதானமும் கால்பந்துச் சங்கத்திடம் எடுபடாது: நண்பரை ஸ்பானிய மொழியில் செல்லமாக அழைத்த, நிறத்தைக் குறிக்கும் ஒரு சொல்லுக்காக எடின்சன் கவானிக்கு 2020 டிசம்பரில் 3 ஆட்டத் தடையும் 1,00,000 பவுண்டு அபராதமும் கிடைத்தன.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வாரத்திலேயே பழைய பதிவுகளை முதல் நாள்வரை பின்னோக்கிப் படித்து நீக்கவேண்டும். வீட்டிலுள்ள ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் கேட்பது நல்லது, கண்ணுக்குப் பழகிப்போனது காதில் உறுத்தும். பர்ன்லி வீரர் ஆண்ட்ரே கிரே பிரீமியர் லீக்கில் கோல் அடித்த கையோடு, ஒருபால் ஈர்ப்பாளர்களை இழித்து அவர் எழுதிய பழைய ட்வீட்டுகளை யாரோ தோண்டி எடுத்தார்கள். 4 ஆட்டத் தடை, 25,000 பவுண்டு அபராதம். தண்டனை 2016-இல். எழுதியது 2012-இல், கீழ்மட்ட லீக்கில் அவரை யாருக்கும் தெரியாத காலத்தில்.